காந்தல்

பங்குனி மாதம் விளாத்திகுளம் பக்கம் வத்தல் காயும் களத்துக்குப் போகிறவர் முதலில் தும்முவார், பிறகு இருமுவார். தரை முழுக்க விரித்துக் கிடக்கும் சிவப்பை நின்று பார்ப்பதெல்லாம் கண் தெளிந்த பிறகுதான். வேப்பமர நிழலில் உட்கார்ந்து காம்பு கிள்ளும் பெண்களோ எதுவும் நடக்காததுபோல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் போயிருந்த அன்று, இருமி முடித்து நிமிர்ந்த என்னைப் பார்த்து ஒரு அம்மா சிரித்தார்.

"புதுசா வாரவுகளுக்கு அப்படித்தான் இருக்கும். நாலு நா இருந்தாப் பழகிப்போகும்."

"கை எரியாதாம்மா?"

"எரியாது. காந்தும்."

சொல்லிவிட்டு அடுத்த வத்தலை எடுத்துக்கொண்டார். எரிவது வேறு, காந்துவது வேறு. தீ பட்டால் எரியும். தீயே படாமல் தீப்பட்டதுபோல் உள்ளுக்குள் தணல் கிடந்தால் அது காந்தல். அந்த அம்மா வைத்திருந்த இந்த வித்தியாசத்துக்கு உடற்கூற்றுக் காரணம் கிடைத்தது 1997-இல்தான். அதற்குப் பிறகு வருகிறேன். இந்த அத்தியாயம் மூலிகைச் சாறுகளுக்கு வலி போக்கும் திறன் உண்டா என்று சோதிப்பது பற்றியது. அதை வத்தல் களத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கரிசல் காட்டில் விளையும் செடிகளில், வலிக்கு மருந்து என்று உலகத்தின் கண்டிப்பான சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டி வந்த செடி நொச்சியும் இல்லை, முடக்கத்தானும் இல்லை. வலியை உண்டாக்குகிற இந்த மிளகாய்தான்.

*

கரிசல் காட்டில் மூட்டுவலிக்கு மருந்து தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. ஓடைக்கரையில் நொச்சி நிற்கும். வேலியில் முடக்கத்தான் படர்ந்திருக்கும், பக்கத்திலேயே உத்தாமணி. குப்பைமேட்டில் குப்பைமேனி, தரிசில் எருக்கு, பாதையோரம் ஆவாரை. நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார்கள், முடக்கத்தானை அரைத்துத் தோசை மாவில் கலப்பார்கள், எருக்கிலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டி முழங்காலில் வைத்துக் கட்டுவார்கள். இந்தப் பட்டியலில் உள்ள செடிகளின் சாறுகளை எல்லாம் எலிக்கும் சுண்டெலிக்கும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. நொச்சியை மட்டும் எடுத்தால்கூட, இலங்கை ஆய்வாளர்கள் முற்றிய பச்சை இலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, வீக்கமும் வலியும் குறைந்ததாக 2003-இல் எழுதினார்கள். இந்தியாவிலிருந்தும் இதேபோன்ற கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி, தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளிலும் வாத நோய் மருந்துகளுக்குத் தனி இடம் உண்டு. வாதத்தில் 80 வகை என்று யூகியின் பெயரால் வழங்கும் நூல் பிரித்திருக்கிறது. தலைப்புக்குப் பஞ்சம் வராது.

கட்டுரைகளின் கடைசி வரி மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: சாற்றுக்கு வலி போக்கும் திறன் இருப்பதாகத் தெரிகிறது, மேற்கொண்டு ஆராய வேண்டும். அந்த மேற்கொண்டுதான் பெரும்பாலும் நடப்பதில்லை. ஏன் என்று பார்க்க, சோதனைக்கூடத்துக்குள் போக வேண்டும்.

செடியைப் பறித்ததும் முதல் வேலை அது எந்தச் செடி என்று உறுதிசெய்வது. பூவோடும் காயோடும் ஒரு கிளையை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி, தாவரவியல் அறிந்தவர் பார்த்துப் பெயர் சொல்லி, அந்தத் தாளுக்கு ஓர் எண் கொடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். இலை நிழலில் காயும், பிறகு பொடியாகும். பொடியைச் சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் இட்டு எத்தனால் அல்லது மெத்தனாலைத் திரும்பத் திரும்ப அதன்மேல் வடியவிட்டு, கடைசியில் அந்தத் திரவத்தை ஆவியாக்கினால் கரும்பச்சையாக ஒட்டுப்பசை போல ஒன்று மிஞ்சும். அதுதான் சாறு. பாட்டி தண்ணீரில்தான் கொதிக்கவைத்தாள், அல்லது எண்ணெயில் காய்ச்சினாள். ஆல்கஹாலில் இறங்குகிற பொருள்கள் வேறு, தண்ணீரில் இறங்குகிறவை வேறு. ஆகவே பாட்டி பறித்த செடியைச் சோதித்தோம் என்று சொல்லலாம். பாட்டியின் மருந்தைச் சோதித்தோம் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது சுண்டெலி. விலங்கு ஆய்வு நெறிக்குழு ஒப்புதல் தந்தபின் அவற்றைக் கூட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் நீர்க்கரைசல், ஒன்றுக்கு டைக்ளோஃபெனாக் அல்லது மார்ஃபின் மாதிரித் தெரிந்த மருந்து, மற்றவற்றுக்குச் சாறு. சாறு பெரும்பாலும் கிலோவுக்கு 200 மில்லிகிராம், 400 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும். பிறகு வலியை உண்டாக்க வேண்டும்.

எப்படி உண்டாக்குவது? 55 டிகிரிச் சூட்டில் இருக்கும் தட்டின்மேல் சுண்டெலியை விடுவது ஒரு வழி. அது பாதத்தை நக்கும், அல்லது துள்ளும். அதுவரை எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டு, பாதம் வெந்துவிடாமல் குறிப்பிட்ட நொடியில் எடுத்துவிடுவார்கள். 1944-இல் இரண்டு பேர் வகுத்த முறை இது. வாலில் குவித்த வெளிச்சச் சூட்டைக் காட்டி, வாலை எப்போது இழுக்கிறது என்று பார்ப்பது அதற்கும் மூத்தது, 1941. வயிற்றுக்குள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை ஊசியில் செலுத்தினால் எலி வயிற்றை எக்கிப் பின்னங்காலை நீட்டிச் சுருளும். அந்தச் சுருளல்களை எண்ணுவது இன்னொன்று. செலவு குறைவு, எண்ணுவது எளிது, அதனால் நம் ஊர்க் கல்லூரிகளில் அதிகம் நடப்பது இதுதான். வீக்கத்துக்குப் பாதத்தில் கராஜீனன் ஊசி, 1962-இல் வந்த முறை. கராஜீனன் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே வேம்பார்க் கடலைத் தொட்டு வடக்கே போனால் ராமநாதபுரக் கரையில் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்களே, கப்பாபைகஸ் பாசி, அதிலிருந்தும் அதை எடுக்கிறார்கள். நிலத்துச் செடி ஆறவைக்கப் போகும் வீக்கத்தைக் கடற்செடி ஏற்கெனவே உண்டாக்கிவைத்திருக்கும்.

இவை எதிலும் வலியை அளக்கவில்லை. நொடியை அளக்கிறோம், சுருளலை எண்ணுகிறோம், பாதத்தின் பருமனைப் பார்க்கிறோம்.

நம்மிடம் வலிக்கு எத்தனை சொல்! கால் கடுக்கும், எலும்பு குடையும், தலை இடிக்கும், புண் தெறிக்கும், இடுப்பு பிடிக்கும், நரம்பு இழுக்கும், விரல் விண்விண் என்னும், உடம்பு உளையும், கை காந்தும். கடுப்புக்குக் கொடுக்கிற மருந்து குடைச்சலுக்குக் கேட்காது என்று வைத்தியர்கள் சொல்வது வெறும் வார்த்தை விளையாட்டில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் ஆங்கில வலிச்சொற்கள் 78-ஐ 20 கட்டாகத் தொகுத்து, நோயாளி எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பதை வைத்தே வலியின் வகையைக் கணிக்கும் வினாத்தாள் ஒன்றை அமைத்தார். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சுண்டெலிக்கு அந்த 78-உம் இல்லை, நம்முடைய குடைச்சலும் இல்லை. அது துள்ளும், அல்லது துள்ளாது.

துள்ளாமல் இருப்பதற்கும் பல காரணங்கள் உண்டு. சாறு தூக்கம் வரவைத்திருக்கலாம், தசையைத் தளர்த்தியிருக்கலாம், அல்லது குடல் கலங்கி அசையவே மனமில்லாமல் கிடக்கலாம். சுருளல் சோதனையில் இவை எல்லாமே வலி குறைந்த கணக்கில் சேர்ந்துவிடும். சுழலும் உருளையில் எலியை நிற்கவைத்துத் தடுமாறுகிறதா என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துபோகும், ஆனால் அந்த ஒரு படியைத் தாண்டிப் போகிற கட்டுரைகள் நிறையவே இருக்கின்றன. அதைவிட வேடிக்கை ஒன்று. அதே மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து 2014-இல் வந்த ஆய்வு: சோதனை செய்கிறவர் ஆணாக இருந்தால், ஓர் ஆண் உடுத்திய சட்டை பக்கத்தில் கிடந்தாலே போதும், எலிகள் பதற்றமாகி வலியை வெளிக்காட்டுவது குறைகிறது. காலையில் பேராசிரியர், மாலையில் மாணவி என்று மாறி மாறி எண்ணினால் மூலிகைக்கு இல்லாத புகழ் பேராசிரியரின் வியர்வையால் வந்துசேரும்.

அளவையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுண்டெலியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது உடல் எடையை மட்டும் பார்க்கக் கூடாது. சிறிய உயிர் மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். ஆகவே கிலோவுக்கு இத்தனை என்ற எண்ணை 12.3-ஆல் வகுப்பது வழக்கம். 400-ஐ வகுத்தால் கிலோவுக்கு 32.5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2 கிராம் சாறு. காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 20 கிராம் காய்ந்த இலை, பச்சையாக அதைப்போல் நாலைந்து மடங்கு. அதுவும் ஒரு வேளைக்கு. ஒத்தடத்துக்கு அது ஒன்றும் அதிகமில்லை. தினம் மூன்று வேளை விழுங்க வேண்டும் என்றால் ஆடு வேண்டும். பக்கத்துக் கூட்டத்து எலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்தது கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். இதனால் சாறு பயனற்றது என்று ஆகாது. அதனுள் இருக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களில் எது வேலை செய்கிறது என்று பிரித்து எடுக்காதவரை மருந்தாகாது என்றுதான் பொருள். பிரிப்பது கடினம், செலவும் பிடிக்கும், பல சமயம் பிரிக்கப் பிரிக்கத் திறனும் காணாமல் போகும்.

*

இதே மண்ணில் விளையும் இன்னொரு செடிக்கு இந்தப் பாடெல்லாம் இருக்கவில்லை. நிலாவாரை. ஏற்றுமதிக்காரர்கள் சென்னா என்பார்கள். உலகச் சந்தையில் அதற்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா', திருநெல்வேலிச் சென்னா. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இலையும் நெற்றுமாகக் கப்பலேறுகிறது. மலமிளக்கி. அதன் முக்கியப் பொருள்களான சென்னோசைடுகளை 1941-இல் சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோலும் உடன் இருந்தவர்களும் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பொருள் வயிற்றிலும் சிறுகுடலிலும் சும்மாவே போய், பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் வேலையைத் தொடங்கும் என்றும் தெரிந்தது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. சென்னாவுக்கு இவ்வளவு எளிதாகப் பாதை திறந்ததற்குக் காரணம், காலையில் வயிறு இளகியதா இல்லையா என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து வராது.

நிலாவாரைக்குச் சூரத்து அவுரி என்றும் ஒரு பெயர் உண்டு. நீலச் சாயம் எடுக்கிற அவுரி வேறு செடி. பெயர் ஒன்றாக இருந்து செடி வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரஸ்ஸல்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு மருத்துவமனையில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். அதில் இருந்திருக்க வேண்டிய சீன மூலிகையின் பெயரும் இன்னொரு மூலிகையின் பெயரும் ஏறக்குறைய ஒன்று. மாறிப்போய்ச் சேர்ந்தது அரிஸ்டோலோக்கியா என்ற பேரினத்துச் செடி. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் பின்னால் வந்தது. அந்தப் பேரினத்தில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உயிரணுவின் டிஎன்ஏ-வோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது.

அந்தப் பேரினத்துச் செடி ஒன்று கரிசல் புஞ்சையில் தானாகவே முளைக்கும். உழுது போட்ட காட்டில் சாம்பல் பூத்த இலையோடு தரையோடு தரையாகக் கிடக்கும். ஆடுதீண்டாப்பாளை. பூச்சிக்கும் தோல்நோய்க்கும் விஷக்கடிக்கும் அதைக் கொடுக்கும் வழக்கம் உண்டு, அதன் சாற்றையும் எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது நஞ்சுச் சோதனையின் காலம். சாதாரணமாக நடப்பது ஓஈசிடி 423 என்ற நெறி: கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை ஒரே தடவை கொடுத்து 14 நாள் பார்ப்பது. எலி சாகவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். சிறுநீரகம் மெல்ல நார்பிடித்துச் சுருங்குவதும், பத்து ஆண்டு கழித்து வருகிற புற்றுநோயும் அந்த 14 நாளுக்குள் எங்கே தெரியும்? 'பக்க விளைவு இல்லாதது' என்று மூலிகைத் தைல விளம்பரங்களில் வரும்போதெல்லாம் எனக்கு இந்தச் செடிதான் நினைவுக்கு வருகிறது. ஆடு தீண்டாது என்று பெயர் வைத்தவர்கள் 14 நாளைவிட நீண்ட காலம் கவனித்திருக்க வேண்டும்.

*

சரி, எலியை விட்டுவிட்டு நேராக மனிதரிடம் போகலாமே, நொச்சி ஒத்தடத்தை எத்தனை தலைமுறையாகக் கொடுத்துவருகிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழங்கால் வலி உள்ள பத்துப் பேருக்கு ஒத்தடம் கொடுத்தால் ஏழெட்டுப் பேர் நன்றாக இருக்கிறது என்பார்கள், அதில் பொய்யும் இருக்காது. நொச்சியால் வந்த நன்மையா, சூட்டால் வந்ததா, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் காலைப் பிடித்ததால் வந்ததா என்பதைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அதே சூட்டில், அதே துணியில், அதே கையால் நொச்சி இல்லாத ஒத்தடமும் பாதிப் பேருக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியக் கூடாது, வலியைக் கேட்டுக் குறிப்பவருக்கும் தெரியக் கூடாது. நொச்சியின் வாசம் ஊருக்கே தெரியும் என்பதுதான் சிக்கல். வாசத்தை மறைக்க வழி கண்டுபிடிக்கிறவர் பாதி ஆய்வை முடித்துவிட்டார்.

மனத்தின் நம்பிக்கையால் வலி குறைவதை வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் லெவைன், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மருந்தே இல்லாத ஊசியால் வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் கொடுத்ததும் வலி ஏறியது. நலாக்சோன் என்பது மார்ஃபின் உட்காரும் இடத்தை அடைத்துவிடும் மருந்து. அப்படியானால் நம்பிக்கை வேலை செய்தபோது உடம்பே தன் மார்ஃபினைச் சுரந்திருக்கிறது. ஒத்தடம் கொடுக்கும் கைக்கும் அதில் பங்கு இருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பங்கை நொச்சியின் பெயரில் வரவு வைக்கக் கூடாது.

*

இனி வத்தல்.

மிளகாய் நம் ஊர்ச் செடியில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காயை மிளகு போலக் கார்க்கும் காய் என்று பார்த்து மிளகாய் என்றார்கள். நாக்கு சொன்ன ஒற்றுமை மூலக்கூறு அளவிலும் சரிதான் என்று பின்னால் தெரிந்தது: மிளகின் பைப்பரினும் மிளகாயின் கேப்சைசினும் நரம்பில் தட்டுவது ஒரே கதவைத்தான்.

கேப்சைசின் என்ற பெயரை வைத்தவர் ஜான் தெரெஷ் என்ற ஆங்கிலேயர், 1876-இல். இரண்டே ஆண்டு கழித்து, அந்தக் காரம் உணர்வு நரம்புகளின்மேல் வேலை செய்கிறது என்று ஹங்கேரியின் எண்ட்ரே ஹோக்யெஷ் எழுதினார். ஹங்கேரிக்காரர்களுக்குப் பாப்ரிகா என்றால் நமக்கு வத்தல் மாதிரி, கவனித்ததில் வியப்பில்லை. பெரிய திருப்பமும் அங்கேதான் நடந்தது. 1940-களில் மிக்லோஷ் யாஞ்சோ, விலங்குகளுக்குக் கேப்சைசினைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அவை காரத்துக்கு அசையாமல் ஆகிவிடுவதைக் கண்டார். காரத்துக்கு மட்டுமில்லை, கடுகெண்ணெய் போன்ற மற்ற எரிச்சல்களுக்கும்தான். தொடு உணர்வு அப்படியே இருந்தது. வலி நரம்பு மட்டும் அயர்ந்துவிட்டது. களத்து அம்மா சொன்ன 'பழகிப்போகும்' இதுதான்.

யாஞ்சோ கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். இந்தச் செடி வலியைப் போக்குமா என்று அவர் கேட்கவில்லை. எப்படி வலிக்கவைக்கிறது, பிறகு ஏன் நின்றுபோகிறது என்று கேட்டார். மூலிகைக் கட்டுரைகளில் பெரும்பாலும் கேட்கப்படாமல் போவது இந்த எப்படிதான்.

அந்த எப்படிக்குப் பதில் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகத்தில் கிடைத்தது. எலியின் உணர்வு நரம்பணுக்களில் வேலை செய்யும் மரபணுக்களின் நகல்களை எடுத்து, காரம் உணராத சாதாரண உயிரணுக்களில் கட்டுக்கட்டாகப் புகுத்தி, ஒவ்வொன்றின்மேலும் கேப்சைசின் விட்டுப் பார்த்தார்கள். எது துடிக்கிறதோ அதில்தான் கதவு. பல்லாயிரம் நகல்களைச் சலித்து ஒன்றைப் பிடித்தார்கள். 1997-இல் வெளியான அந்தக் கட்டுரையின் சுவையான பகுதி, அதே கதவு வெறும் சூட்டுக்கும் திறந்தது என்பது. ஏறக்குறைய 43 டிகிரியைத் தாண்டினால் திறக்கும், கேப்சைசின் ஒட்டிக்கொண்டால் சாதாரண உடற்சூட்டிலேயே திறக்கும். திறந்ததும் கால்சியம் உள்ளே பாயும், நரம்பு மூளைக்குச் சுடுகிறது என்று சேதி அனுப்பும். தீ இல்லாமல் தீப்பட்ட சேதி. காந்தல். ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது, தொடுவுணர்வைக் கண்ட ஆர்டம் படபூட்டியனோடு பகிர்ந்து.

பறவைகளுக்கும் இந்தக் கதவு உண்டு, சூட்டுக்குத் திறக்கவும் செய்கிறது. ஆனால் கேப்சைசின் அதைத் திறப்பதில்லை என்று 2002-இல் அதே ஆய்வகம் கோழியின் கதவை எடுத்துக் காட்டியது. மிளகாய்ப் பழத்தைக் கிளி சாவகாசமாகக் கொத்துவதன் ரகசியம் அதுதான். எலிக்குப் பதிலாகக் கோழியில் தேடியிருந்தால் அந்த ஆய்வகத்துக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

கதவு தெரிந்ததும் மருந்துக் கம்பெனிகளுக்கு முதலில் தோன்றியது அதைப் பூட்டிவிடலாம் என்பது. பூட்டும் மாத்திரைகள் செய்தார்கள், எலிகளில் வலியும் குறைந்தது. ஆனால் பல் பிடுங்கியவர்களிடம் நடந்த சோதனையில் சிலருக்கு உடற்சூடு 40 டிகிரிவரை ஏறிவிட்டது. அந்தக் கதவு உடம்பின் வெப்பக் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எலிச்சோதனையில் நன்றாக வந்த மருந்து மனிதரில் வழுக்கிய இடம் இது, அதுவும் மூலிகைச் சாறாக இல்லாமல் துல்லியமான ஒற்றை மூலக்கூறாக இருந்தபோதே.

வென்றது எதிர்வழி. கதவைப் பூட்டாமல் முழுக்கத் திறந்து வைத்து, நரம்பு நுனியே ஓய்ந்து பின்வாங்கும்வரை விடுவது. 8 விழுக்காடு கேப்சைசின் தடவிய ஒட்டுத்துணி 2009-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. ஒரு மணி நேரம் ஒட்டியிருந்தால், தோலின் மேலடுக்கில் உள்ள மெல்லிய வலி நரம்பு நுனிகள் சில நாளில் மறைந்துவிடும், மாதக்கணக்கில் மெல்லத் திரும்ப வளரும். முதலில் ஒப்புதல் கிடைத்த நோய்களில் ஒன்று, அக்கி ஆறிய பிறகும் போகாமல் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலி. நம் ஊரில் அக்கி கண்டால் வேளார் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் உருவம் எழுதிக்கொள்வார்கள். புண் எப்படியும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்பதால் காவிக்குப் பெயர் நிலைத்தது. ஆறிய இடத்தில் சட்டை பட்டாலே திகுதிகு என்கிறதே, அந்த மிச்சத்துக்குக் காவியிடம் பதிலில்லை.

இந்த ஒட்டுத்துணியை மனிதரிடம் சோதித்த கதையில்தான் நொச்சி ஒத்தடத்தின் சிக்கல் திரும்பவும் வருகிறது. காந்தும் துணியையும் காந்தாத துணியையும் ஒப்பிட்டால் எது மருந்து என்று நோயாளிக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துபோகும். அதனால் ஒப்பீட்டுத் துணியிலும் 0.04 விழுக்காடு கேப்சைசின் வைத்தார்கள், கொஞ்சம் காந்தட்டும் என்று. அக்கி வலிக்காரர்கள் 402 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், வலுவான துணி ஒட்டியவர்களுக்கு வலி சராசரியாக 29.6 விழுக்காடு குறைந்தது. லேசான துணி ஒட்டியவர்களுக்கு 19.9. நான் இந்த இரண்டாவது எண்ணைத்தான் அதிகம் நினைப்பேன். பேருக்குக் காந்திய துணிக்கே இருபது. ஒப்பீடு இல்லாமல் சோதித்திருந்தால் அந்த இருபதும் மருந்தின் பெயரில் போயிருக்கும், ஒத்தடக் கணக்கில் நாம் செய்கிற மாதிரி. இத்தனை ஆண்டுகள், ஒரு நோபல் பரிசு, பெரிய கம்பெனிகளின் பணம் எல்லாம் சேர்ந்து கைக்கு வந்த உண்மையான லாபம் அந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கும் பத்து. அக்கி வலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தப் பத்து சின்னதில்லை.

துணியை ஒட்டும் செவிலியர் கையுறை போட வேண்டும். அதிலும் லேடெக்ஸ் கையுறை உதவாது, கேப்சைசின் அதைத் தாண்டி வந்துவிடும் என்பதால் நைட்ரைல் கையுறைதான் போட வேண்டும் என்று மருந்தோடு வரும் தாளில் எழுதியிருக்கிறது. வேலை முடிந்ததும் தோலைத் துடைக்க ஒரு பசையும் கூடவே தருகிறார்கள். கேப்சைசின் தண்ணீருக்கு எளிதில் அசையாது, நெய்ப்பசை உள்ளதில்தான் கரையும்.

களத்தில் அந்த அம்மா மடியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். தேங்காய் எண்ணெய். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு விரல் இடுக்குவரை தேய்த்துக்கொண்டார்.

"தண்ணியில கழுவுனா இன்னும் கூடத்தான் காந்தும்," என்றார். "முகத்துல மட்டும் கைய வச்சிராதீக."

நான் அதற்குள் கண்ணைத் தேய்த்திருந்தேன்.